நான்தான் சார்

நான் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ட்ரேயில் வரும் பீஸை எடுத்து, வெர்னியரை வைத்து அளந்து, பச்சை டேகோ சிவப்பு டேகோ கட்டுவேன். நான் கையெழுத்துப் போடாமல் எங்கள் லைனிலிருந்து ஒரு லாட் வெளியே போகாது. அப்படிப்பட்டவன் ஒரு மரக் கிண்ணத்தின் அடியில், போடக்கூடாத கையெழுத்தைப் போட்டேன். அதோடு நிற்கவும் இல்லை.

கிண்ணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் செய்தது ஏதோ சின்ன விஷயம் என்று தோன்றும்.

நம் ஊரில் கடைசல் என்றால் ஒரே கட்டைதான். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே மரச்செப்பு கடைகிறவர்கள் ஒரு கட்டையை லேத்தில் மாட்டி, கண் அளவிலேயே குடம், அம்மி, திருகை எல்லாம் உருட்டி எடுத்துவிடுவார்கள். கர்நாடகத்துச் சன்னபட்டணாப் பொம்மையும் அப்படித்தான். கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால், உரசுகிற சூட்டில் அரக்கு இளகி நிறம் ஏறிவிடும். செக்மென்ட் கடைசல் வேறு ரகம். மரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வளையமாக ஒட்டி, செங்கல் வரிசை வைப்பதுபோல மூட்டு மாற்றி மாற்றி வளையங்களை அடுக்கி, அதற்கப்புறம்தான் உளி. இதில் ஓப்பன் செக்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒன்றையொன்று தொடாது. நடுவே வெற்றிடம். முடிந்த கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நூற்றுக்கணக்கான ஜன்னல்.

நான் சொல்லும் கிண்ணத்தில் ஒரு வளையத்துக்கு 24 துண்டு. முழு வட்டத்தை 24ஆல் வகுத்தால் 15 டிகிரி. அதில் மரத்துக்கு 12, வெற்றிடத்துக்கு 3. மேல் வரிசைத் துண்டு, கீழ் வரிசை வெற்றிடத்துக்கு நேர் மேலே உட்காரும். இரண்டு முனையிலும் நாலரை டிகிரி அளவுக்குத்தான் கீழே மரம் கிடைக்கும். 16 சென்டிமீட்டர் விட்டத்தில் அது ஆறு மில்லிமீட்டர் சொச்சம். துண்டின் பக்கவாட்டு முகங்கள் மரத்தின் வெட்டுவாய். அங்கே எப்படியும் பசை சரியாகப் பிடிக்காது, ஒட்டவும் போவதில்லை. நார் படுத்திருக்கிற மேல் முகமும் கீழ் முகமும்தான் பிடிக்கும். ஆக, முழுக் கிண்ணமும் அந்த ஆறாறு மில்லிமீட்டரில் நிற்கிறது. 14 வளையம், 336 துண்டு. வளையங்களுக்கு இடையில் மட்டும் 624 ஒட்டு.

இதை லேத்தில் மாட்டினால் உளி மரத்தைத் தொட்டு, காற்றைத் தொட்டு, மறுபடி மரத்தைத் தொட்டுப் போகும், ஒரு சுற்றுக்கு 24 தடவை. உளி மழுங்கியிருந்தால் ஒவ்வொரு துண்டின் பின்விளிம்பும் சிராய் சிராயாகப் பிய்ந்துகொண்டு வரும். ஒட்டு ஒன்று விட்டுப்போனால் துண்டு தெறிக்கும். என் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அப்படித் தெறித்த துண்டு போட்ட விரிசல் இன்னும் இருக்கிறது. முகத்தில் கவசம் மாட்டாமல் லேத் பக்கம் போகவே கூடாது. இதையெல்லாம் கேட்பவர்களுக்குக் கடைகிறவன் பெரிய சாகசக்காரனாகத் தெரிவான். நானும் அப்படித் தெரியும்படிதான் சொல்லுவேன். உண்மை என்னவென்றால், கடைவது ஒரு மத்தியான வேலை. ஒட்டுவதுதான் கிண்ணம்.

நான் இந்த வேலைக்குப் போன காரணமும் அவ்வளவு யோக்கியமானதல்ல. முதலில் வெற்றிடம் இல்லாத மூடிய வளையம்தான் செய்து பார்த்தேன். 24 துண்டு, துண்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு 7.5 டிகிரி. ஒரு வெட்டில் பத்தில் ஒரு பங்கு டிகிரி பிசகினால் போதும், 48 வெட்டில் அது 4.8 டிகிரி ஆகிவிடும். கடைசித் துண்டுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும். இதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு வழி உண்டு: வளையத்தை இரண்டு அரைவட்டமாக ஒட்டி, இரண்டின் விட்டத்தையும் தேய்த்துச் சமமாக்கி, பிறகு சேர்ப்பது. எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை. ஓப்பனில் இந்தத் தொந்தரவு கிடையாது. ஒவ்வொரு துண்டின் இடத்தையும், சுற்றிலும் துளை போட்ட இண்டெக்ஸ் பிளேட் காட்டிவிடும். கோணத்தில் பிசகினால் அந்தப் பிசகு பக்கத்து வெற்றிடத்தோடு போய்விடும், சேர்ந்துகொண்டே வராது. அதே சமயம் பார்க்கிறவர்களுக்கு அது மூடியதைவிடப் பெரிய வித்தையாகத் தெரியும். உழைப்பு குறைவு, பாராட்டு அதிகம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் முதல் பாதி தப்பு.

அமெரிக்காவில் இதைப் பெரிய கலையாக வளர்த்திருக்கிறார்கள். 1986இல் தொடங்கிய அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கத்தில் செக்மென்ட் ஆட்களுக்கென்றே தனிக் கிளை இருக்கிறது. மால்கம் டிபெட்ஸ் எழுதிய தடிமனான புத்தகம் இருக்கிறது. டெக்சாஸ்காரர் ஜெர்ரி பென்னட் ஒரு எளிய தந்திரம் கண்டுபிடித்தார்: மேஜை ரம்பத்தின் தட்டில் இரண்டு வேலிக் கட்டைகள், நடுவே சரியான கோணத்தில் வெட்டிய ஒரு ஆப்பை வைத்து அவற்றை இறுக்கிவிட்டால், ஒரு வெட்டு இந்தக் கட்டையில், அடுத்த வெட்டு அந்தக் கட்டையில். கோணமானியே தேவையில்லை. இதெல்லாம் பார்த்துத்தான் நான் என்னுடைய தட்டைச் செய்துகொண்டேன். அங்கே கிண்ணத்தின் அடியில் செய்தவர் பெயர், வருடம், மரத்தின் பெயர் எழுதுவது வழக்கம். பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வழக்கம்தான்.

இண்டெக்ஸ் பிளேட் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 48 துளை வேண்டும், அடுத்தடுத்த வரிசை அரை இடம் தள்ளி உட்காருவதற்காக. எங்களுக்கு ஷீட் மெட்டல் வெட்டித் தரும் வெண்டர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் வந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்டேன். “அட, விடுங்க சார்” என்றார். அவர் அனுப்பும் லாட்டைப் பாஸ் பண்ணுகிற ஆள் நான். அவர் வேறென்ன சொல்ல முடியும்? அது தெரிந்துதான் கேட்டேன், எவ்வளவு என்று.

மரத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வரத் தொடங்கியது முதல், கண்ணாடி, டயர், லாரி, புல்லட், போன் என்று கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மெஷினையும் பார்ட்ஸையும் இறக்குகிறவர்கள் கூடவே கொஞ்சம் காட்டையும் இறக்கிவிட்டுப் போகிறார்கள். சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் ஸ்கிராப் கடைகளில் பைன் மரப் பெட்டியும் பேலட்டும் மலையாகக் கிடக்கும். கட்டையில் கோதுமைக் கதிர் முத்திரை, நாட்டின் இரண்டெழுத்து, பக்கத்தில் எச்.டி. அல்லது எம்.பி. என்று சூடு போட்டிருக்கும். பூச்சி நாடு விட்டு நாடு போகாமலிருக்க 2002இல் வந்த சர்வதேச விதி அது. எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. அதை நான் தொடுவதில்லை. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரிக்குச் சூடாக்கி 30 நிமிஷம் வைத்தது. பூச்சி செத்திருக்கும், அவ்வளவுதான். மரம் காய்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. நான் காய்ந்தது என்று நினைத்து, ஐப்பசி மழையில் நனைந்து கிடந்த கட்டையை வெட்டி ஒட்டினேன். வெயில் வந்ததும் வரிசை வரிசையாகக் கழன்றது. கேஜ் வைத்துப் பார்க்கிறவன், ஈரம் பார்க்கும் மீட்டரை ஸ்டோரிலிருந்து ஒரு நாள் கேட்டு வாங்கியிருக்கலாம்.

ஆனால் நான் தோற்றது மரத்தால் மட்டுமல்ல. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையில் பசை தொட்டு, இடத்தில் வைத்து, நகராமல் ஒரு நிமிஷம் விரலால் அழுத்த வேண்டும். பிளேட்டை இரண்டு துளை தள்ளி அடுத்தது. அதிகம் தடவினால் பசை வெற்றிடத்துக்குள் வழிந்து கட்டியாகிவிடும். அங்கே உளி போகாது, உப்புத்தாள் போகாது. குறைத்தால் ஒட்டு நிற்காது. ஒரு வரிசை முடிந்தபின் மேல்முகம் முழுக்கச் சமமா என்று பார்த்துத் தேய்க்க வேண்டும். ஒரு துண்டு மேடாக இருந்தால் அடுத்த வரிசையில் அதன் பக்கத்துத் துண்டுகளுக்கு ஒரு முனைதான் பிடிக்கும். எனக்கு ஐந்தாவது துண்டிலேயே போன் பார்க்கத் தோன்றும். பத்தாவதில் நிமிஷம் அரை நிமிஷமாகும். இருபதுக்கு மேல் வைத்துவிட்டு எடுத்துவிடுவேன்.

இந்த இடத்தில்தான் அந்தத் தம்பி வந்தான். எங்கள் லைனில் பிரஸ்ஸிலிருந்து பீஸ் எடுத்து வைக்கிற கான்ட்ராக்ட் பையன். வந்தவாசிப் பக்கம், ஐடிஐ ஃபிட்டர். மாத்தூரில் ஒரு அறையில் ஆறேழு பேரோடு இருந்தான். டே ஷிப்ட்காரன் எழுந்த பாயில் நைட் ஷிப்ட்காரன் படுக்கிற அறை. ஸ்கிராப் கடையிலிருந்து படப்பையில் இருக்கும் என் வீட்டுக்குக் கட்டை ஏற்றிவர ஒரு ஞாயிற்றுக்கிழமை கை கொடுத்தான். நான் துண்டு வெட்டுவதைப் பார்த்து, “இன்னாண்ணா, இவ்ளோ சின்னச் சின்னதா வெட்றீங்க?” என்றான். கம்பெனிக்குள் சார்; என் வீட்டுக் கொல்லையில் அண்ணா. அதற்கப்புறம் வாரவிடுமுறையில் வர ஆரம்பித்தான். ஞாயிறு அவன் மெஸ்ஸுக்கு லீவு, எங்கள் வீட்டில் மீன் குழம்பு. கூலி என்று ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. ஆனால் அந்த மீன் குழம்பை நான் மனதுக்குள் அவன் கணக்கில் எழுதிக்கொண்டே வந்தேன்.

அவனிடம் ஒரு வரிசையை ஒட்டக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒன்பதாவது துண்டில் இருந்தான். போனதிலிருந்து இடுப்பு நகரவில்லை. பசையை விரலால் தடவவில்லை. தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியைச் சீவி, அதால் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான். வழிந்த பசையை உடனே துடைக்கவில்லை. துடைத்தால் மரத்தில் பூசிக்கொள்ளும். அது ஆடை கட்டும்வரை காத்திருந்து, இன்னொரு ஈர்க்கின் பக்கவாட்டால் நெம்பினான். முழுசாக உருண்டு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மட்டம் பார்க்கிற வேலைக்கும் அவனே வழி கண்டான். ஐடிஐயில் இரண்டு இரும்புத் தட்டு பொருந்துகிறதா என்று பார்க்க ப்ரஷ்யன் ப்ளூ தடவச் சொல்லித்தருவார்கள். ஒன்றில் தடவினால் மற்றதன் மேட்டில் நீலம் ஒட்டும். அதை மரத்துக்கு மாற்றினான். 24 துண்டின் தலையிலும் பென்சிலால் கோடு போட்டு, உப்புத்தாள் ஒட்டிய பலகையை மேலே வைத்து, லேத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, எல்லாக் கோடும் அழியும்வரை தேய்த்தான். நாலாவது, பதினோராவது வரிசைக்கு இடித்த ஓட்டு வீட்டிலிருந்து வாங்கிய தேக்கு. தேக்கில் எண்ணெய் உண்டு, ஃபெவிகால் வழுக்கும்; தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு ஒட்டினால் நிற்கும் என்று நான் சொன்னேன். இந்தக் கிண்ணத்தில் நான் கொடுத்த அறிவு கிட்டத்தட்ட அது ஒன்றுதான். பைன் துண்டுகளை வெட்டிய வரிசை கலையாமல் முறத்தில் அடுக்கி வைப்பான். ஆண்டு வளையக் கோடுகள் எல்லாத் துண்டிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால்தான் வளையம் சுற்றுவதுபோல் தெரியும் என்பது அவன் கண்டுபிடித்தது.

நான் என்ன செய்தேன்? இன்ஸ்பெக்‌ஷன் செய்தேன். வரிசை முடிந்ததும் கூப்பிடுவான். டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்து, “ம், பாஸ்” என்பேன். அதற்கப்புறம்தான் அடுத்த வரிசையில் கை வைப்பான். சில சமயம் முள் லேசாக ஆடும். அதற்கு எங்கள் கம்பெனி வார்த்தை ஒன்று உண்டு: டீவியேஷன். அளவு தப்பியிருக்கிறது, ஆனால் பாதகமில்லை என்று தெரிந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுவது. “டீவியேஷன்ல விடறேன், அடுத்த வரிசையில ஒழுங்கா வரணும்” என்பேன். சிரிப்பான். கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் வேலைக்கு நான் கொடுத்த தீர்ப்புகளை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

கடைந்தது நான். அதை மறைக்க வேண்டியதில்லை, ஓரளவு நன்றாகவே கடைந்தேன். உளியைத் தீட்டித் தீட்டி, நூல் நூலாக எடுத்து வந்தேன். ஆனாலும் மூன்று இடத்தில் விளிம்பு பெயர்ந்தது. பெயர்ந்த சிராயைத் தரையில் தேடி எடுத்து, அதே இடத்தில் பொருத்தி ஒட்டினது அவன். லேக்கர் ஸ்ப்ரே அடித்தது நான். பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, அடியில் எழுதினேன்: என் பெயர், வருடம், பைன், தேக்கு. அவன் மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தான். “எழுத்து நல்லா வந்துருக்குண்ணா” என்றான்.

எழுதும்போது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தது. என் பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருந்ததும் தெரிந்தது. அந்த இடத்தில் பைன், தேக்கு என்று எழுதினேன்.

எங்கள் கம்பெனியில் நவம்பரைத் தர மாதம் என்று கொண்டாடுவார்கள். கோலப் போட்டி, ஸ்லோகன் போட்டி, ஊழியர்களின் கைவண்ணம் என்று ஒரு மேஜை. நான் கிண்ணத்தை வைத்தேன். முன்னால் ஒரு அட்டை, அதில் என் பெயர், துறை, டோக்கன் நம்பர். பிளான்ட் ஹெட் வந்தார். மற்றவற்றைக் கடந்து போனவர் இதன் முன்னால் நின்றுவிட்டார். கையில் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“யார் பண்ணது இது?”

“நான்தான் சார்.”

“ஃபுல்லாவா? தனியாவா?”

“ஆமா சார்.”

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு எங்கள் கம்பெனியில் சாம்பல் நிறச் சட்டை, எங்களுக்கு நீலம். சாம்பல் சட்டைகளின் முதல் வரிசையில், இரண்டு எட்டுத் தள்ளி, அவன் நின்றுகொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலிருக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. “உள்ளே பசையே தெரியலையே, எப்படி?” என்று கேட்டார். ஈர்க்குச்சியைப் பற்றிச் சொன்னேன். ஆடை கட்டும்வரை காத்திருப்பதையும், பென்சில் கோட்டையும் சொன்னேன். எல்லாம் “நான்” என்று ஆரம்பித்த வாக்கியங்கள். முதல் பொய்க்குத்தான் யோசனை தேவைப்பட்டது, மற்றவை தானாக வந்தன. கடைசியில், உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று கிண்ணத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான் என்று பக்கத்தில் நின்றவர் பிறகு சொன்னார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கோபப்பட்டு, மீன் குழம்புக் கணக்கை எடுத்திருக்கலாம். எந்தக் கார் பானெட்டில் பிரஸ் ஆபரேட்டர் பெயர் இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு கேள்வி தயாரித்து வைத்திருந்தேன். கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனால் எந்தக் காரின் அடியிலும் தரம் பார்த்தவன் தன் பெயரைச் சூடு போட்டு எழுதிக்கொள்வதும் இல்லை.

இதுவரை சொன்னதை நான் ஒன்றிரண்டு நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன், சிரிப்பாக. இனிச் சொல்வதைச் சொன்னதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்தில் 480 என்ற எண் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 1981இல் கொண்டுவந்த நிரந்தரத் தகுதிச் சட்டத்தில் வரும் எண் அது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரம் ஆக வேண்டும். தொழிலாளிக்குத் தெரிந்த அந்த எண் முதலாளிக்கும் தெரியும். அது நெருங்குவதற்குள் ஒரு லிஸ்ட் தயாராகும்: யாரை வேறு கான்ட்ராக்டர் பெயரில் வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது. எங்கள் ஹெச்.ஆரிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஐந்தாறு பேர் பெயரைப் படித்து, ஒவ்வொருவரும் வேலையில் எப்படி என்று கேட்டார்கள். அவன் பெயர் வந்தது.

“சுமார்” என்றேன்.

ஒரே ஒரு சொல். அந்த மாதம் அவன் ட்ரேயில் இரண்டு பீஸ் பர், அதாவது விளிம்புப் பிசிறு, எடுக்காமல் வந்திருந்தது. அதை மனதில் வைத்துத்தான் சொன்னேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பர் எடுக்காத பீஸ் எல்லோருடைய ட்ரேயிலும் வரும். அவனுக்கு முன்னால் படித்த பெயருக்கு “நல்ல பையன்” என்று சொல்லியிருந்தேன்; அந்தப் பையனின் ட்ரேயில் நாலு வந்திருந்தது. காரணம் அது இல்லை. பிளான்ட் ஹெட் எப்போதாவது லைனுக்கு வரும்போது, கிண்ணம் எப்படிச் சார் இருக்கிறது என்று அவன் கேட்டுவிடுவானோ என்று ஒரு பயம். கேட்கக்கூடியவன் இல்லை. ஆனாலும் அவன் அந்த லைனில் நிற்கிறவரை என் கிண்ணத்துக்கு ஒரு சாட்சி நின்றுகொண்டிருந்தது. அவனை அனுப்பச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. “சுமார்” என்று சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன்.

கடைசி நாள் கணக்கு முடித்துவிட்டு, பையோடு வீட்டுக்கு வந்தான். முறத்தைக் கழுவிக் கொல்லையில் காயவைத்தான். “வேற கம்பெனி இன்டர்வியூல உங்க பேரைச் சொல்லிக்கிட்டுமாண்ணா?” என்று கேட்டான். சொல்லிக்கோ என்றேன். என் மனைவி அவனுக்குக் கருவாடு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வரும் ஒரு விருந்தாளிக்குக் கொடுக்க இன்னொரு கிண்ணம் வேண்டுமென்று பிளான்ட் ஹெட் கேட்டார். மறுக்க முடியாது. உட்கார்ந்தேன். ஈர்க்கு, பென்சில், முறம் எல்லாம் இருந்தது. ஏழாவது வரிசைக்குள் வெற்றிடம் பாதிக்குமேல் பசையால் அடைத்துக்கொண்டது. லேத்தை ஓட்டியதும் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்ந்து வந்தது. லேத் மோட்டார் எரிந்துவிட்டது சார் என்றேன். மோட்டார் இன்றைக்கும் நன்றாக ஓடும். இப்போது அதன்மேல் தார்ப்பாய் போட்டு, அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருக்கிறோம்.

போன மாதம் சுங்குவார்சத்திரத்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவனைப் பார்த்தேன். அவனே “அண்ணா” என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தான். இப்போதும் கான்ட்ராக்ட்தான், வேறு கம்பெனி, வேறு நிறச் சட்டை. கல்யாணம் ஆகி, பெண்குழந்தை. டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

நடந்ததை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். கிண்ணத்தை நான் செய்ததாகச் சொல்லிக்கொண்டதை மட்டும் சொன்னேன். “சுமார்” விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. படித்தால் தெரிந்துகொள்வான். “அட, அத்த போய் எழுதுவாங்களா?” என்றான். உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். அவசரமாகத் தலையை ஆட்டினான். “வேணாண்ணா. இங்க யார்னா படிச்சிட்டு, இவன் எதுக்குப் பேப்பர்ல வர்றான்னு கேப்பாங்க. நம்பர் நெருங்குது.” அதனால்தான் இங்கேயும் அவன் பெயர் இல்லை.

கிண்ணம் எங்கே என்று கேட்டான். பிளான்ட் ஹெட் மாற்றலாகி வடக்கே போய்விட்டார், கையோடு எடுத்துக்கொண்டு போனார் என்றேன். கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“எட்டாவது வரிசையில ஒரு துண்டு தலைகீழா ஒட்டிட்டண்ணா. பைன் வரிசை. கோடு அது ஒண்ணுல மட்டும் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கும். பசை காஞ்சப்புறந்தான் பாத்தேன். நீங்க கேஜ் வெச்சுப் பாத்து பாஸுன்னு சொல்லிட்டீங்க. சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளு தூக்கமே இல்ல. நீங்க பாத்தீங்களாண்ணா?”

“அப்பவே பாத்தேன்டா. டீவியேஷன்ல விட்டேன்” என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தான். இத்தனை வருஷம் இருந்த பாரம் இறங்கிய சிரிப்பு. நான் பார்க்கவே இல்லை.